வயலுக்கு எதற்குப் படிப்பு?

"ஒழுங்காப் படி, இல்லேன்னா மாடு மேய்க்கத்தான் போவ." இந்த வசையைக் கேட்காமல் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் தமிழ்நாட்டில் அரிது. பெற்றோர் சொல்வதைக்கூட விட்டுவிடலாம். அறிவியல் பாடம் நடத்துகிறவர்களும் சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை. பயிர் வளர்ப்பது உடம்பு வேலை, பார்த்துப் பழகினால் தானாக வந்துவிடும், வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லித்தர அதில் என்ன இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இந்த வசைக்கு முதுகெலும்பு.

அதே நம்பிக்கை பொங்கல் சமயத்தில் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, வேனில் ஏற்றி, சேற்றில் இறக்கி, ஆளுக்கு நாலு நாற்றை நடவைத்துப் படம் பிடிப்பார்கள். உழவை மதிக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று! நாற்றை ஏன் ஆழமாக ஊன்றக் கூடாது, ஊன்றினால் தூர் கட்டுவது ஏன் தாமதமாகும் என்று அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. விவசாயத்தைத் திட்டுகிறவரும் கும்பிடுகிறவரும் அதில் மூளைக்கு வேலையில்லை என்பதில் ஒரே கட்சி.

ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், ஒரு மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப்பாருங்கள். 'மண்ணிலிருந்து' என்று பதில் வர வாய்ப்பு அதிகம். வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியக்காரர் 200 ராத்தல் உலர்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 ராத்தலைத் தாண்டியது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ் அளவுதான். 1648-இல் அச்சான இந்தச் சோதனையிலிருந்து அவர் எடுத்த முடிவு, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்பது. முடிவு தவறு. காற்றிலுள்ள கரியமில வாயுவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு தொட்டியும் தராசும் இருந்தால் இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். கவனமாக அளந்தவரும் எப்படித் தவறினார் என்பதையும் சேர்த்தே பேசலாம். அறிவியல் நடக்கும் விதத்தை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் பாடங்கள் அதிகமில்லை.

அடர்த்தி என்ற பாடத்துக்கு இரும்புக் குண்டும் மரக்கட்டையும்தான் வருகின்றன. விதைநெல்லைத் தேர்ந்தெடுக்க நம் விவசாயிகள் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், போட்ட முட்டை மிதக்கத் தொடங்கியதும் நிறுத்துவார்கள். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறு மணியும் மிதக்கும். முற்றிய மணி அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி விதைப்பார்கள். ஆர்க்கிமிடீஸ் வயலுக்கு வந்து நிற்கிறார், பாடப்புத்தகத்துக்குத்தான் அவரை அங்கே அடையாளம் தெரியவில்லை. கணக்குப் பாடமும் அப்படித்தான். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் எத்தனை மூட்டை? ஏறக்குறைய மூன்று. இந்தக் கணக்குத் தெரியாமல் கடைக்காரர் தூக்கிக் கொடுப்பதை வாங்கிப் போடும் வீடுகளில் பட்டதாரிகளும் இருக்கிறார்கள்.

போட்ட உரம் போதுமா என்று இலையே சொல்லும். அதைப் படிக்க இலை வண்ண அட்டை என்ற சிறு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை அதில் கட்டங்கள் இருக்கும். நெல் இலையை அதன்மேல் வைத்து நிறத்தை ஒப்பிட்டு, யூரியா இப்போது வேண்டுமா என்று முடிவு செய்யலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத வித்தையா இது? அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம், ஏனென்றால் செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். குருத்திலை வெளுத்தால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் எளிதில் நகராது. ஒரு மஞ்சள் இலையை வைத்துக்கொண்டு இவ்வளவு துப்பறியலாம்.

விவசாயிக்கு அறிவியல் ஏறாது என்பவர்கள் இந்தோனேசியாவைப் பார்க்கட்டும். பூச்சிமருந்து அடிக்க அடிக்க அங்கே நெல்லில் புகையான் என்ற பூச்சி பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகளை மருந்து முதலில் கொன்றதுதான் காரணம். 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அரசு தடை செய்தது. 1989-இலிருந்து ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. அதிகம் படிக்காத விவசாயிகள் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணினார்கள், படம் வரைந்தார்கள், எது எதைத் தின்கிறது என்று விவாதித்தபின் மருந்து வேண்டுமா என்று தீர்மானித்தார்கள். நம் பிள்ளைகளுக்கோ உணவுச் சங்கிலி என்றால் இன்றும் புல், மான், புலி. புலியைப் பார்க்க முதுமலைக்குப் போக வேண்டும். சிலந்தி பள்ளிக்கூடத்து வேலியிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கோபம் குறுக்கே வரும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தது சரி, கைவிட்டதும் சரி. இன்றும் பள்ளியில் விவசாயம் என்றதும், 'எங்க புள்ளைய மறுபடியும் ஏர் பிடிக்க அனுப்பப் பாக்குறீங்களா' என்று கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திட்டமும் விவசாயத்தை அறிவியலாகப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கூலிக்காரர் மகனை வயலுக்கும் வக்கீல் மகனைப் புத்தகத்துக்கும் அனுப்புவதுதான் குலக்கல்வி. நான் கேட்பது, வக்கீல் மகளும் கூலிக்காரர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை வேர்முடிச்சைப் பிளந்து, உள்ளே சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதை.

இப்போது நடப்பது என்ன? மேல்நிலை வகுப்பில் வேளாண் அறிவியல் இருக்கிறது, தொழிற்கல்விப் பிரிவில். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் ஓரமாகத்தான் ஊர் அதைப் பார்க்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு அதே ஊர், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று கட்-ஆஃப் பார்த்துத் தவம் கிடக்கிறது. அதே கோவையில், 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் டி.எஸ். வெங்கட்ராமன் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து வட இந்தியாவின் குளிரைத் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். மெண்டலுக்குப் பட்டாணிச் செடி தரும் பாடநூல் அவருக்கும் அரைப் பக்கம் தரலாம்.

நிலம் இல்லாத பள்ளி என்ன செய்யும் என்பார்கள். ஒரு தராசு, கைலென்ஸ், மண் நிரப்பிய பழைய சிமென்ட் சாக்கு நாலைந்து போதும். ஆசிரியர்களுக்குத் தெரியாதே என்றால், பயிற்சி கொடுக்க மாவட்டந்தோறும் வேளாண் அலுவலர்கள் இருக்கிறார்கள். நேரம் இல்லை என்பது மட்டும் உண்மை. தேர்வில் வராத எதற்கும் நம் பள்ளிகளில் நேரம் இருந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், மஞ்சளான ஒரு நெற்பயிரின் படத்தைப் போட்டு என்ன குறை, எப்படிக் கண்டாய் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கட்டும். மறுவாரமே டியூஷன் சென்டர் வாசல்களில் நெல் தொட்டி வந்துவிடும்.