தோல் உள்ளே, ஆள் வெளியே

'புனிதக் கலை' என்கிற சொல் புதுச்சேரியில் ரொம்பவும் புழங்குகிறது. கருத்தரங்கு போடுகிறார்கள், கண்காட்சி வைக்கிறார்கள், 'பாரம்பரிய நடை' என்று ஒயிட் டவுன் தெருக்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சொல்கிற சேதி ஒன்றுதான். சோழர் காலத்து வெண்கலமும், மாதா கோயில் வண்ணக் கண்ணாடியும், பள்ளிவாசல் சுவரின் எழுத்தழகும், புத்தரின் பாதி மூடிய கண்ணும் ஒரே பேருண்மையைப் பேசுகின்றனவாம். மதங்கள் சண்டை போட்டாலும் கலை சண்டை போடாதாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு மூன்று கேள்விகள் உண்டு. அந்தக் கலைக்கு உழைத்த கை எங்கே போச்சு? அந்தச் சாமி எந்தத் தெரு வரைக்கும் வந்துச்சு? அதுக்கு முன்னால் யார் யார் எங்கெங்கே நிற்க வைக்கப்பட்டார்கள்? இதுக்கெல்லாம் பதில் சொல்லாமல் எல்லா மதத்திலும் அழகு ஒன்றே என்று பேசுகிறவர்கள், எல்லா மதத்துக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்திருக்கிற சாதியின்மேல் பட்டுத் துணி போர்த்துகிறார்கள்.

ரெட்டியார்பாளையத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். கிழக்கே நகரத்துக்குள் போனால் சம்பா கோயிலும் வேதபுரீஸ்வரரும். மேற்கே போனால் வில்லியனூர். அங்கே திருக்காமீஸ்வரர் தேர் ஒரு பக்கம், 1877-இல் பிரான்சிலிருந்து கொண்டுவந்த லூர்து மாதா சிலை இன்னொரு பக்கம். இரண்டு திக்கிலும் புனிதம் கொட்டிக் கிடக்கிறது. நடுவில் எங்க சனம் இருக்கு. எங்களில் பாதிப் பேர் மாரியாத்தாவைக் கும்பிடுகிறவர்கள், பாதிப் பேர் மாதாவைக் கும்பிடுகிறவர்கள். அதனால் இந்த விஷயத்தை ஒரு மதத்துக்கு வக்காலத்து வாங்கிப் பேச எனக்கு முடியாது.

முதலில் கை. நந்தனாரை எடுத்துக்கொள்வோம். சேக்கிழார் சொல்கிறபடி ஆதனூர்ச் சேரியின் நந்தனார் செய்த திருத்தொண்டு என்ன? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கொடுத்த தோல் மண்டபத்துக்குள் முழங்கியது, அவர் வாசலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி நகர்ந்தது என்று மெய்சிலிர்க்கிறார்கள். நந்திதானே நகர்ந்தது, வாசல்படி நகரலியே! தில்லையில் உள்ளே போக வேண்டுமானால் தீயில் இறங்கி, பூணூல் போட்ட உடம்போடு எழுந்து வரணும். செத்த மாட்டின் தோலைப் பதப்படுத்தினால் அது உள்ளே போகலாம். அதைப் பதப்படுத்திய உயிருள்ள மனுசனை நெருப்பில் போட்டால்தான் உள்ளே விடலாம். இதுதான் நம்முடைய 'புனிதக் கலை'யின் முதல் இலக்கணம்.

பழைய புராணம், இப்ப எதுக்கு என்று கேட்கிற நண்பர்கள் மிருதங்கத்தைத் தூக்கிப் பார்க்கட்டும். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த 'தேவ வாத்தியம்'. இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். அறுப்புக்கூடத்துக்குப் போய், தோலைத் தடவிப் பார்த்து, எந்த மாட்டின் தோல் எந்தச் சுருதிக்கு நிற்கும் என்று கையாலேயே கண்டுபிடிக்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்கள். இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்திரா, கடைசி நேரத்தில் முடியாது என்று கையை விரித்துவிட்டது. மிருதங்கம் மேடை ஏறலாம். மிருதங்கம் மாட்டுத்தோல் என்கிற உண்மை மேடை ஏறக்கூடாது. நந்தனார் தோல் கொடுத்த காலத்துக்கும் 2020-க்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு ஓடியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓடாமல் நின்றது எது என்றும் பாருங்கள்.

சிலைக்கும் இதே கதைதான். கல்லைத் தட்டி, உருக்கொடுத்து, கடைசியில் கண் திறக்கிற வரைக்கும் அது சிற்பியின் பொருள். கண் திறந்து, கும்பாபிஷேகம் முடிந்த பிறகு அதைத் தொட்டால் தீட்டு. அந்தத் தீட்டைக் கழிக்க மறுபடி சடங்கு. 'புனிதமாக்குதல்' என்று சாஸ்திரம் சொல்கிற காரியத்தைக் கட்டுடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே செயல்தான்: உழைத்த கையைப் பொருளிலிருந்து வெட்டி எடுப்பது.

அடுத்தது தெரு. வில்லியனூர் தேருக்கு வடம் பிடித்துக் கொடுப்பது பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை; துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். இதை மத நல்லிணக்கம் என்று பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கடல் கடந்து வந்தவர், வேற்று மதத்துக்காரர், மாட்டுக்கறி சாப்பிடுகிறவர். அவர் கை வடத்தில் பட்டபோது எந்த ஆகமமும் குறுக்கே வரவில்லை, எந்தத் தீட்டும் ஒட்டவில்லை. ஆக, தீட்டு கறியிலும் இல்லை, மதத்திலும் இல்லை. அதிகாரம் உள்ள கைக்குத் தீட்டு கிடையாது, அவ்வளவுதான்.

அதிகாரம் இல்லாத கை வடத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவி இருக்கிறது. 1998-இல் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டார்கள், தேர் நின்றுபோனது. வழக்கு, தீர்ப்பு, போலீஸ், பேச்சுவார்த்தை. நடுவில் சில தடவை போலீஸ் காவலில் ஓடியது, பிறகு நீண்ட காலம் ஓடவே இல்லை. 2024 ஜூனில்தான், அதுவும் போலீஸ் காவலோடு, மறுபடி ஓடியது. சாமி வெயிலில் நிற்கலாம், தேர்க்கட்டை உளுத்துப் போகலாம், ஆனால் நம்ம கை வடத்தில் படக்கூடாது. பக்தியைவிட சாதி பெரியது என்று இதைவிடப் பச்சையாக யார் சொல்ல முடியும்?

அது இந்து மதம், சிலுவையில் அப்படியில்லை என்று சொல்கிற கிறிஸ்தவத் தோழர்களை உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூருக்குக் கூட்டிப்போக வேண்டும். நம்ம புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து ஊர்தான். அங்கே தலித் கிறிஸ்தவரின் பிணம்கூடப் பிரதான தெரு வழியாகக் கோயிலுக்குப் போகக்கூடாது. செபமாலை மாதாவின் தேர் சேரிக்குள் வராது. எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று 2008-இல் கேட்டார்கள். மார்ச் மாதம் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. வடிவம் வேறு, வேதம் வேறு, சிலையின் முகம்கூட வேறு. தேர் திரும்புகிற முக்கு மட்டும் ஒன்றே.

சின்னப் பிள்ளையில் எங்க ஆயாவிடம் கேட்டிருக்கிறேன்.

"சாமி ஏன் ஆயா நம்ம தெருவுக்கு வரமாட்டேங்குது?"

"நம்ம தெரு குறுகல்டா. தேரு பெருசு. திரும்பாது."

"தண்ணி லாரி திரும்புதே?"

ஆயா பதில் சொல்லலை. வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிச்சு. அது எந்தக் கோயில், எந்தச் சாமி என்று இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கத்துச் சாமியும் எங்களுக்கு அந்தப் பதிலைத்தான் கொடுத்திருக்கிறது.

மூன்றாவது, நிற்கிற இடம். 1748 செப்டம்பரில், துய்ப்ளெக்ஸ் ஆட்சியில், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வலியோடு எழுதிவைத்திருக்கிறார். அந்த இடிப்பு அநியாயம்தான். ஒரு மதத்தின் கோயிலை ஆட்சிப் பலத்தால் இன்னொரு மதம் உடைத்ததை நியாயப்படுத்த எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் அதே நாட்குறிப்பில், மூன்று வருஷம் முன்னால், 1745-இல் எழுதியது ஒன்று இருக்கிறது. சம்பா கோயிலுக்குள் ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். நம்ம ஆட்கள் பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1748-ஐப் பேசுகிற எத்தனையோ மேடைகளைப் பார்த்திருக்கிறேன். 1745-ஐப் பேசிய மேடை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இடிந்த கோயில் வரலாறு ஆகிறது. இடிந்த சாதிச் சுவர் அடிக்குறிப்புகூட ஆகவில்லை. அந்தச் சுவரை இடிக்க வைத்தவர்கள் இருநூற்று எண்பது வருஷத்துக்கு முந்தைய நம் முன்னோர்கள். புதுச்சேரியின் 'பாரம்பரிய நடை' அவர்கள் நின்ற இடத்தில் ஒரு நிமிஷமாவது நிற்குமா?

உருவமே இல்லாத இடத்துக்குப் போனால் தப்பிக்கலாமா? 1981 பிப்ரவரியில் தென்காசி பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். பள்ளிவாசலின் கலையழகில் மயங்கி அவர்கள் போகவில்லை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கலாம் என்று போனார்கள். அங்கே பாலும் தேனும் ஓடுது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிலையும் ஓவியமும் இல்லாத வெறும் சுவருக்கு முன்னால் நிற்கிற அந்த ஒரு வரிசை, எங்களைப் பொறுத்தவரை ஆயிரங்கால் மண்டபத்தைவிட அழகானது.

புத்தருக்கும் ஆரம்பத்தில் உருவம் இல்லை. அமராவதியிலும் சாஞ்சியிலும் பாதச்சுவடு, போதிமரம், ஆளில்லாத ஆசனம், இவைதான். பிறகு உருவம் வந்தது; இந்தத் தமிழ் மண்ணில் அது மறுபடி புதைந்தும் போனது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-இல் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தி, வீராம்பட்டினம் பக்கத்து வெளியில் கிடந்த ஒரு கற்சிலையின் பெயர் 'பவுத்' என்று கேட்டு எழுதிவைத்தார். அப்படித் தெருவிலும் வயலிலும் கிடந்த புத்தரைத்தான் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தில் தூக்கி நிறுத்தினார், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சொந்தமாக்கினார். அந்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் ஒன்று, புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்கமாட்டேன் என்பது. அழகான சிலையைக் கொடுத்துவிட்டு அர்த்தத்தைத் திருடிக்கொள்கிற பார்ப்பனியத் தந்திரம் அவருக்குத் தெரியும்.

இப்போது பறைக்கு வருகிறேன். பறையும் 'புனிதக் கலை'தான், அதையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிடுவோம் என்று சிலர் அன்பொழுகக் கிளம்பியிருக்கிறார்கள். நம்மிலும் சிலருக்கு இதில் சந்தோஷம். கொஞ்சம் பொறுங்கள் தோழர்களே. சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம், செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்று போராடிய காட்டுமன்னார்கோயில் இளையபெருமாளும் நம்மவர்தான். அந்தப் பறையையே வழிபாட்டுக்குள் கொண்டுவந்து விடுதலைப் பாட்டுக்குத் தாளமாக்கிய மதுரை இறையியல் கல்லூரியின் பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவுவும் நம்மவர்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து நாடகத் துறையில் இருந்து, 'பலி ஆடுகள்' எழுதி, கிராமத்துப் பாட்டை மேடையில் நிமிர வைத்த கே.ஏ. குணசேகரனும் நம்மவர்தான். அடிக்க மறுத்ததும் கலகம், அடித்ததும் கலகம். இரண்டிலும் முடிவெடுத்தது அடிக்கிறவனுடைய கை. அந்த முடிவைப் பிடுங்கிக்கொண்டு, பறைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பதற்குப் பெயர் மரியாதை இல்லை.

எங்கள் கோரிக்கை சிறியது. கோயிலிலும் தேவாலயத்திலும் அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிற ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உருவத்துக்கும் பக்கத்தில் அதற்கு உழைத்த கையின் கதையை எழுதி வையுங்கள். தோல் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். தேர் போகிற பாதையை வரைபடமாக மாட்டுங்கள். எந்தத் தெருவில் திரும்பிக்கொள்கிறது என்று ஊர் பார்க்கட்டும். சம்பா கோயிலின் வரலாற்றைச் சொல்கிறபோது 1745-ஐயும் சொல்லுங்கள். இதெல்லாம் செய்த பிறகு 'எல்லா மதத்திலும் கலை ஒன்றே' என்று பேச வாருங்கள், உட்கார்ந்து கேட்கிறோம். அதுவரைக்கும் தேர் ஏன் வரலை என்று எங்க பிள்ளைங்க கேட்டா, தெரு குறுகல்னு நாங்க சொல்லமாட்டோம்.