சுடும் ரெகுலேட்டரும் மாறிய கலவையும்

"தம்பி, இதைத் தொட்டாச் சுடுது. வெடிச்சிருமோ?"

சாகாமத்தில் ஒரு வீட்டுக் குசினியில் அந்த அக்கா காட்டியது சிலிண்டரின் தலையில் பூட்டியிருந்த ரெகுலேட்டரை. தொட்டுப் பார்த்தேன். உண்மையாகவே சுட்டது.

சுடக்கூடாது. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எரிவாயு ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வால்வு குளிர்ந்துதான் இருக்க வேண்டும். சுட்டால், வெப்பம் வெளியிலிருந்து வருகிறது: பக்கத்து நெருப்பு, அல்லது பூட்டில் கசிந்து எரியும் வாயு. இங்கே அடுப்பு ஒரு தாழ்வான பலகையில் இருந்தது, சிலிண்டர் அதை ஒட்டியே நின்றது. பெரிய பானை ஏற்றினால் சுவாலை பக்கவாட்டில் விரிந்து நேரே ரெகுலேட்டரில் படும். வால்வை மூடி, நன்றாக ஆறவிட்டோம். பிறகு வால்வை மட்டும் திறந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் சவர்க்கார நுரை பூசினோம். குழாய் பூட்டுமிடத்தில் குமிழி வந்தது. குழாயும் வெடிப்பு விழுந்து இறுகிப்போயிருந்தது. சூடுபட்ட ரெகுலேட்டரின் உள் றப்பர் சவ்வை நம்ப முடியாது. அதைத் திருத்துவதில்லை, மாற்றத்தான் வேண்டும். சிலிண்டரைச் சுவருக்கு அப்பால், நிழலில், நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். கசியும் வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும் என்பதையும்.

அவருடைய பயம் 2021இன் மிச்சம். அந்த நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது ரெகுலேட்டரையும் குழாயையும் பாவனையாளரின் கவனயீனத்தையும்தான் முதலில் காரணம் காட்டினார்கள். பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையிலான ஜனாதிபதிக் குழு வேறு காரணத்தைச் சொன்னது: புரொப்பேன், பியூட்டேன் கலவை மாற்றப்பட்டிருந்தது. வழமையாக இருந்தது ஏறத்தாழ 20க்கு 80. பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 பாகையில். புரொப்பேன் கூடினால் அதே வெயிலில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். பழைய ரெகுலேட்டரும் பழைய குழாயும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். கலவை மாறியது வீட்டிலிருப்பவருக்கு எப்படித் தெரியும்? லிட்ரோ, லாப்ஸ் இரண்டைவிட்டால் வேறு தெரிவும் இல்லை.

தேய்ந்த குழாயை மாற்றாதது அக்காவின் பிழை என்று யாரும் சொல்லலாம். 2021 ஒக்டோபரில் 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த விலையில் சிலிண்டர் வாங்கியவரிடம் குழாய்க்கும் காசு மிஞ்சியிருக்குமா? அவரிடமிருந்த பாதுகாப்புத் துண்டுப்பிரசுரத்தில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. தொண்ணூறில் ஓடித் திரும்பிய குடும்பம் அது. புரியாத மொழியில் வரும் அறிவித்தல் அவர்களுக்குப் புதிதல்ல.

புது ரெகுலேட்டர் வாங்கும்வரை அவர் விறகில்தான் சமைக்கிறார். சிலிண்டர் மாமரத்தடியில், வால்வு மூடியபடி நிற்கிறது.