தகுதியை அளக்கும் கோல் யார் கையில்?

நாளேடு ஒன்றில் விளையாட்டுப் பத்தி எழுதிவந்த ஒருவர், ஒருநாள் அப்பத்தியினின்று நீக்கப்பட்டுக் கீழ்ப்பணிக்கு இறக்கப்படுகின்றார். காரணம் கேட்டால், "பணி நிறைவாக இல்லை" என்னும் ஒரே விடைதான் வருகின்றது. அவர் கறுப்பினத்தவராகவோ ஒடுக்கப்பட்ட குலத்தவராகவோ இருந்துவிட்டால் உடனே இரு குரல்கள் எழுகின்றன. "இஃது இனவெறுப்பே" என்பர் ஒரு சாரார். "திறமையில்லாதவர் இனத்தைக் கேடயமாக்குகின்றார்" என்பர் மறுசாரார். இரு சாராரும் கேட்க மறப்பது ஒன்றுண்டு. அவர் பணியை அளந்த கோல் யாது? அதே கோலால் மற்றவரும் அளக்கப்பட்டனரா?

இவ்வினா வழக்குமன்றம் ஏறி விடை பெற்றதும் உண்டு. நியூயார்க்கு நகரின் 'டெய்லி நியூசு' நாளேட்டின்மேல் கறுப்பினச் செய்தியாளர் நால்வர் வழக்குத் தொடுத்தனர். பதவி உயர்விலும் ஊதியத்திலும் பணி ஒதுக்கீட்டிலும் தம் நிறமே தமக்குத் தடையாயிற்று என்றனர். அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்பது நாளேட்டின் எதிருரை. 1987 ஏப்பிரலில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. முன்வைக்கப்பட்ட நிகழ்ச்சிகளுள் ஏறத்தாழப் பாதியில் இனவேற்றுமை காட்டப்பட்டது மெய்யே என்றது, எஞ்சியவற்றைத் தள்ளியது. நாம் கருதத்தக்கது அம்முறையே. நிறத்தைக் கண்டு இரங்கவுமில்லை, பதவியைக் கண்டு பணியவுமில்லை; ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து நிறுத்தது அக்குழு.

எழுத்தின் தரத்தை எண்ணால் அளத்தல் அரிது. ஆகலின் கருத்து வேறுபாடு எழுதல் இயல்பு என்பார் உளர். நன்று. எண்ணால் அளக்கத்தக்க ஆடுகளத்திற்கே செல்வோம். பல்வங்கர் பாலு என்பார் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த மட்டைப்பந்து வீரர். பூனாவில் வெள்ளையர் மன்றத்தில் ஆடுகளம் பேணும் கூலியாளாக இருந்து பந்துவீச்சில் தேர்ந்தவர். 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஆயினும் அவரை இந்துக்கள் அணி முறைப்படி தலைவராக்கவே இல்லை. அவர் வீசிய பந்தால் வந்த வெற்றி வேண்டியிருந்தது. தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்கலத்தில் தேநீர் தரப்பட்டது. 1920-இல் தம் குடும்பத்தார்க்குத் தலைமை மறுக்கப்பட்டதை எதிர்த்து, அவர்தம் இளவல்களான விட்டலும் சிவராமும் அணியினின்று விலகினர். 1923-இல்தான் விட்டல் தலைவரானார். எண் கண்முன் நின்று பேசிய களத்திலேயே இந்நிலை என்றால், ஓர் ஆசிரியரின் விருப்பு வெறுப்பே அளவுகோலாகிய அலுவலகத்தில் என்ன நடவாது?

அவ்வலுவலகங்களில் இருப்போர் யாவர் என்பதையும் பார்ப்போம். 1996-இல் 'வாசிங்டன் போசுட்டு' ஏட்டின் தில்லிச் செய்தியாளரான கென்னத்து கூப்பர் என்னும் கறுப்பினத்தவர், தாழ்த்தப்பட்ட குலத்துச் செய்தியாளர் ஒருவரேனும் உளரோ என்று தேடினார். அவர் வினவியதன்பேரில் தேடிப் பார்த்த பி.என். உனியால் என்னும் மூத்த இதழாளர், தில்லியில் ஒருவரையும் காண இயலவில்லை என்று எழுதினார். 2019-இல் ஆக்சுபாம், நியூசுலாண்டிரி ஆகிய அமைப்புகள் ஓர் ஆய்வு வெளியிட்டன. ஆய்ந்த செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121. அவற்றுள் உயர்த்தப்பட்ட சாதியினர் வகித்தவை 106. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வகித்தது ஒன்றுகூட இல்லை. ஏணியில் ஏறவே விடாத இடத்தில், "ஏறியவரைத் தகுதி பார்த்தே இறக்கினோம்" என்னும் சொல்லை எங்ஙனம் நம்புவது?

இதனால் கேடு வேலையிழந்த ஒருவர்க்கு மட்டும் என்று எண்ணற்க. படிப்போர்க்கும் கேடே. நம் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். கார்த்திகை விளக்கீட்டு நாளில் மலையுச்சியில் சுடர் தோன்றும் நொடியை ஏடுகளெல்லாம் படம் பிடிக்கின்றன. இம் மாவட்டத்துத் தென்முடியனூரிலோ, தாழ்த்தப்பட்ட மக்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகளாக நுழைய இயலாதிருந்த முத்துமாரியம்மன் கோயிலுள், 2023 சனவரி 30-ஆம் நாள்தான் காவல்துறையின் துணையோடு நுழைந்தனர். அத்தெருவிற் பிறந்த ஒருவர் பெரிய நாளேடொன்றின் ஆசிரியர் இருக்கையில் இருந்திருப்பின், அந்த 80 ஆண்டுத் தடை எத்தனை ஆண்டுகட்கு முன்பே தலைப்புச் செய்தியாகியிருக்கும்!

தாழ்த்தப்பட்டார் எழுதுவதெல்லாம் நன்றென்று யாம் கூறவில்லை. சோம்பியவர் எவராயினும், பிழைபட எழுதுபவர் எவராயினும் கண்டிக்கப்படல் வேண்டும். திருந்தாவிடின் இறக்கப்படலும் வேண்டும். ஆயின் எதனைக் குறையென்று கொள்வது என்பது முன்னரே எழுத்தில் இருத்தல் வேண்டும். அஃது எல்லார்க்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் மறுமொழி கூற இடம் வேண்டும். தீர்ப்பளிப்போர் ஒரே குலத்தவராய் இருத்தலும் ஆகாது. ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தன் ஆசிரியர் குழுவில் எவ்வெக் குலத்தார் எத்தனைபேர் என்று ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். பிறர் கணக்கை நாள்தோறும் கேட்கும் ஏடுகள் தம் கணக்கைக் காட்ட நாணுவானேன்?

ஆராய்ந்து தேர்தலையும் தேர்ந்தபின் பணியில் அமர்த்தலையும் பற்றித் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என ஈரதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அம்மரபில் வந்த தமிழர்க்குத் 'தகுதி' என்னும் சொல் அயலதன்று. அதனைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதும் இல்லை. தமிழ்நெஞ்சங்களே! இனி எவரேனும் "தகுதியில்லை" என்று ஒருவரைத் தள்ளக் கண்டால், உடனே தலையசைத்தும் விடாதீர். உடனே சினந்தும் எழாதீர். "கோலைக் காட்டுக" என்று கேளுங்கள். நேரிய கோல் உடையார் காட்டுவர்; மறைப்பார் எவரோ, குறை அவர்பாலதே.