மாவட்டத் தராசும் தோட்டத்துப் பிள்ளையும்

வத்தேகமவைச் சூழ்ந்த தோட்டங்களிலே பிறந்து, தமிழ் மூலம் இணைந்த கணிதம் கற்கும் மாணவனைப் பல்கலைக்கழக வாசலில் இரு தராசுகள் நிறுக்கின்றன. ஒன்று கணக்கின் தராசு. மற்றையது அரசியலின் தராசு.

முதலாவது, 2001 முதல் வழங்கிவரும் இசட் புள்ளி. பெற்ற புள்ளியிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழித்து, மிகுதியை நியம விலகலால் வகுப்பதே அம்முறை. சராசரி 40, விலகல் 10 ஆயுள்ள கடினமான தாளில் 60 எடுத்தவன் 2 பெறுவான். சராசரி 60, விலகல் 10 ஆயுள்ள எளிய தாளில் 70 எடுத்தவன் 1 மட்டுமே பெறுவான். மூன்று பாடங்களின் சராசரியே அவனது நிலை. 1970களின் தொடக்கத்தில், பேராதனைப் பொறியியற் பீடம் புகத் தமிழ் மாணவனுக்கு 250, சிங்கள மாணவனுக்கு 227 என மொழிவழி வரம்பு கீறிய அநீதியை நினைத்தால், இது எவ்வளவோ மேலானது.

ஆயினும், யாரை யாரோடு சேர்த்து நிறுப்பது என்பதிலே எந்தத் தராசும் பிழைபடக் கூடும். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரை ஒன்றாக்கிக் கணித்த இசட் புள்ளிகளை, 2012இல் உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது அதனாலன்றோ?

அதே பிழைதான் இரண்டாவது தராசில் இன்றும் குடியிருக்கிறது. பெரும்பாலான பீடங்களில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. நுவரெலியாவும் பதுளையும் அப்பதினாறில் உள்ளன, கண்டி இல்லை. ஆகவே, கணித ஆசிரியருக்காக ஏங்கும் தோட்டத்துப் பிள்ளை, எல்லா வசதியும் படைத்த கண்டி நகரத்துப் பெருங் கல்லூரிகளோடு ஒரே தட்டில் வைக்கப்படுகிறான். மலைக்கு அப்பால் பிறந்தால் பின்தங்கியவன். இப்பால் பிறந்தால் முன்னேறியவன்! இது என்ன நீதி?

தகுதி குறைந்தோருக்குச் சலுகை கேட்கிறோம் என்று சிலர் நகைக்கலாம். வசதி சமமில்லை என்று ஒப்புக்கொண்டுதானே அரசே மாவட்டப் பங்கை வகுத்தது? அந்த நியாயத்தை மாவட்ட எல்லையோடு நிறுத்திவிடாது, கல்வி வலயம் வரை, பாடசாலை வரை கொண்டு செல்லுங்கள் என்றே கேட்கிறோம். அதனினும் முதன்மையாக, தோட்டப் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியரை அனுப்புங்கள். கற்பிக்காமலே நிறுக்கும் தராசு, எத்துணை நுட்பமாயினும் நீதியின் தராசு ஆகாது.