கேட்டால்தானே சொல்லும்!



பிளஸ் டூ கணினி அறிவியலில் டேட்டாபேஸ் படிக்கிறோம். கவுண்ட், சம், ஆவரேஜ், மேக்ஸ், மின் என்று ஐந்து ஃபங்ஷன்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். இந்த அஞ்சுதான் மொத்தமுமே என்று நம்மில் பலருக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான்.

போன மாசம் ஒரு புராஜெக்ட் செய்தேன். மழை அளவைத் தேதிவாரியாக எஸ்கியூலைட்டில் ஏற்றி, எந்த மாசம் எவ்வளவு பெய்தது என்று பார்க்க வேண்டும். நம்ம ஊர் கரிசல் மானாவாரி பூமியாச்சே, ஐப்பசி, கார்த்திகை மழைதானே உளுந்துக்கும் சோளத்துக்கும் உயிர்! தேதியிலிருந்து மாசத்தை மட்டும் பிரிக்க பைத்தானில் இருபது வரி எழுதி, ரெண்டு நாள் மண்டையை உடைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதற்கு 'எஸ்.டி.ஆர்.எஃப்.டைம்' என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறதாம். வேலை ஒரே வரியில் முடிந்தது!

என்னென்ன இருக்குன்னு யாரிடம் கேட்பது? டேட்டாபேஸிடமே கேட்கலாம். 2019 கடைசிக்குப் பிறகு வந்த எஸ்கியூலைட்டில் 'பிராக்மா ஃபங்ஷன்_லிஸ்ட்' என்று இங்கிலீஷில் அடித்தால் பட்டியல் வந்து விழும். மைஎஸ்கியூஎல்லில் 'ஹெல்ப்' போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் 'ஃபங்ஷன்ஸ்' என்று கொடுத்தால் வகை வகையாகக் காட்டும். இன்டர்நெட் கூட வேண்டாம்.

ஆனால் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. 'லெங்த்' ஃபங்ஷனையே பாருங்கள். 'கோவில்பட்டி' என்பதில் நாம் எண்ணினால் ஆறு எழுத்து. எஸ்கியூலைட் 11 என்கிறது, ஏனென்றால் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. யுடிஎஃப்-8-ல் வைத்த மைஎஸ்கியூஎல் 33 என்கிறது. அது எண்ணுவது பைட்டை! 11 வேண்டுமானால் அங்கே 'கேர்_லெங்த்' போட வேண்டும். ஒரே பெயர், ஆளுக்கொரு கணக்கு. போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

"பரீட்சைக்கு வராததை எதுக்குப் படிக்கணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். பரீட்சை மூணு மணி நேரம்தான். அதுக்கப்புறம் வேலைக்குப் போகிற இடத்தில் எந்த டேட்டாபேஸ் இருக்குமோ யாருக்குத் தெரியும்? ஐந்து பெயரை மனப்பாடம் செய்தவர் அங்கே முழிப்பார். கேட்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு லேப் பீரியடில் பத்து நிமிஷம் கொடுங்கள். ஆளுக்கொரு புது ஃபங்ஷனைத் தேடி, போட்டுப் பார்த்து, நோட்டில் எழுதுகிறோம். வருஷக் கடைசியில் வகுப்புக்கே ஒரு பட்டியல் சேர்ந்துவிடும்!

கேட்போம்! கற்போம்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு