நல்ல காற்றும் பழைய காற்றாலைகளும்

நம் நாட்டுக் காற்றாலைகளின் மொத்த மின்திறன் 2025ஆம் ஆண்டில் 50,000 மெகாவாட்டைக் கடந்தது. குஜராத்தும் தமிழ்நாடும் இதில் முன்னிற்கின்றன. மகிழத்தக்க வளர்ச்சியே. ஆயினும், காற்று மிகுந்த இடங்களை நாம் முறையாகப் பயன்படுத்துகிறோமா?

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில், தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கிடையே நெருக்குண்டு விரைந்து வீசுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவேதான் 1990களிலேயே அங்குள்ள முப்பந்தலில் காற்றாலைகள் பெருகின. விடுமுறையில் நாகர்கோவில் செல்லும் தொடர்வண்டியிலிருந்து அவற்றை நீங்கள் கண்டிருக்கலாம். அக்காலத்துக் காற்றாலைகளுள் பல, 500 கிலோவாட்டிற்கும் குறைந்த திறனுடையவை. இன்றைய காற்றாலை ஒன்றோ 2,000 கிலோவாட்டிற்கும் மேற்பட்ட திறனுடையது. உயர்ந்து நிற்பதால் வலிய காற்றையும் பெறுகிறது. சிறந்த காற்றைச் சிறிய இறக்கைகளுக்கு விட்டுவிட்டு, பெரியவற்றை நிறுவ வேறு நிலம் தேடுவது முறையன்று.

மாற்றுவது எளிதன்று என்பதும் உண்மையே. பெரிய காற்றாலைகளுக்கிடையே மிகுந்த இடைவெளி வேண்டும். பழையவையோ பலருக்கு உரியவை; நூற்பாலைகள் பல, தம் மின்தேவைக்கென நிறுவியவையும் அவற்றுள் உண்டு. உரிமையாளர் சிலர் ஒன்றுகூடி ஒரே காற்றாலையை நிறுவ நேரிடும். "ஓடிக்கொண்டிருப்பதை ஏன் கழற்ற வேண்டும்?" என்று அவர்கள் கேட்பது இயல்பே. எனவே, பங்கைப் பிரிக்கத் தெளிவான விதியும் குறைந்த வட்டியில் கடனும் அவர்களுக்கு முதலில் கிடைத்தல் வேண்டும். புதிய நிலம் தேடுவது அதன் பின்னர் ஆகட்டும்.