ஏடு இல்லாத நாடகம்

கொச்சிக் கடற்கரையில் சவிட்டு நாடகம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. பளபளக்கும் கிரீடமும் அங்கியும் அணிந்த ராஜாக்கள் பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடுவார்கள். போர்ச்சுகீசியர் வரவுக்குப் பிறகு லத்தீன் கத்தோலிக்கர்களிடையே வளர்ந்த கலை இது. பாட்டும் வசனமும் பெரும்பாலும் தமிழ். மூத்த நாடகமான 'காறல்மான் சரித'த்தை, அதாவது ஐரோப்பியப் பேரரசன் ஷார்லமேனின் கதையை, எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழ்ப் புலவர் என்கிறார்கள். ஆசான் கையில் சுவடி இருக்கும். யார் எப்போது நுழைய வேண்டும், எந்த வாள் யார் மீது பாய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ரோல்தான் சாக வேண்டிய இடத்தில் சாகத்தான் வேண்டும். நடிகருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் வேறு வேஷம் கேட்கலாமே தவிர, பிழைத்துக்கொள்ள முடியாது.

அதே ஊரில், மட்டாஞ்சேரி யூதத் தெருவில், சுவடியே இல்லாத நாடகம் ஒன்றும் பல்லாண்டு நடந்தது. 1957இல் தொடங்கிய மிளகு முன்பேர வர்த்தகம்தான் அது. வியாபாரிகள் ஒரு கூடத்தில் கூடிக் கத்திக் கத்தி விலை சொல்வார்கள். இடுக்கியில் மழை என்று ஒரு வதந்தி, வியட்நாமில் அமோக விளைச்சல் என்று ஒரு தந்தி, போதும். காலையில் சிரித்தவர் மாலையில் தலையில் கை வைத்துக்கொள்வார். கதையை எழுதியவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது.

இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலான சண்டைதான் கம்ப்யூட்டரில் வேடம் ஏற்று ஆடும் விளையாட்டுகளின் கதை. முக்கியமாக, விண்வெளியையும் வருங்காலத்தையும் களமாகக் கொண்டவற்றின் கதை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். ஒருவர் கப்பல் தலைவர், ஒருவர் சுரங்கத் தொழிலாளி, ஒருவர் ஒற்றர். சுவடியை யார் எழுதுவது? நிறுவனமா, ஆடுபவர்களா?

இந்தியாவில் 'ஆன்லைன் கேம்' என்றதும் ரம்மியும் கடனும் தற்கொலைச் செய்திகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அதில் நியாயம் இருக்கிறது. பணம் வைத்து ஆடுவதற்குத் தடை விதித்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டி வந்தது. இங்கே பேசப்படுவது வேறு ஜாதி. இதில் பந்தயம் கிடையாது. ஆனால் இழப்பு உண்டு, அதுவும் சில சமயம் ரம்மியை விட மோசமாக வலிக்கும்.

தொடக்கம் கம்ப்யூட்டரில் இல்லை, மேஜையில். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் நடத்துநர். அவர் எதிரே இருப்பதை வர்ணிப்பார், மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். 1977இல் மார்க் மில்லர் இதையே 'டிராவலர்' என்று விண்வெளிக்குக் கொண்டுபோனார். மறு வருடம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் பலர் ஒன்றாக நுழையக்கூடிய கம்ப்யூட்டர் உலகம் ஒன்றை எழுத ஆரம்பித்தார். ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்தார். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. இன்றைய உலகங்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள்.

நடத்துநர் என்றால் நமக்கு பஸ்தான் ஞாபகம் வரும். வேலையும் ஏறக்குறைய அதுதான். வண்டி எங்கே போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, ஆனால் அவர் விசில் இல்லாமல் வண்டி நகராது. கைதேராத நடத்துநர் செய்யும் முதல் தவறு, முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது. வறண்ட கிரகம் ஒன்றுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வரும் கப்பலைக் கொள்ளையர் மறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் பாய்ந்து காப்பாற்றுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டு, நன்றி விழாவுக்கு வசனம் கூட எழுதியிருப்பார். ஆட்டக்காரர்களோ கொள்ளையரோடு பேரம் பேசிக் கப்பலைப் பாதி விலைக்கு வாங்கி, தண்ணீரை இரட்டை விலைக்கு விற்பார்கள். இப்போது இரண்டே வழி. எங்கிருந்தோ ஒரு போர்க்கப்பலை வரவழைத்து அவர்களைத் தன் கதைக்குள் இழுத்து வரலாம். அல்லது, தாகத்தில் தவிக்கும் கிரகம் இந்த வியாபாரிகளை என்ன செய்யும் என்று யோசிக்கலாம். முதல் வழியில் போனால் ஆட்டக்காரர்களுக்கு உடனே புரிந்துவிடும், தாங்கள் என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று. அடுத்த வாரம் வரமாட்டார்கள். இரண்டாவதுதான் கஷ்டம். அதற்கு எதிரிக்கு என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் பொறுப்பான் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முடிவு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது.

ஐந்து பேருக்கே இந்தப் பாடு. ஐயாயிரம் பேர் என்றால்?

அடி முதலில் ஒரு ராஜாவுக்கே விழுந்தது. 1997 ஆகஸ்டில் 'அல்டிமா ஆன்லைன்' உலகத்தின் சோதனை ஓட்டத்தின்போது, அதைப் படைத்த ரிச்சர்ட் காரியட் தன் வேடமான பிரிட்டிஷ் பிரபுவாக மக்கள் முன் தோன்றினார். அவருக்குச் சாவே வராதபடி ஓர் ஏற்பாடு இருந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி ஓட்டியபோது அதைத் திரும்பப் போட மறந்துவிட்டார்கள். ரெயின்ஸ் என்ற பெயரில் ஆடியவர் திருடிய மந்திரச் சுருள் ஒன்றை வீசி நெருப்பை மூட்ட, பிரபு சுருண்டு விழுந்தார். நிறுவனம் அந்த ஆட்டக்காரரை வெளியேற்றியது. பழைய புகார்கள்தான் காரணம் என்று சொன்னது. நம்பியவர்கள் குறைவு.

2000இல் நடந்தது இதைவிட உருக்கமானது. 'ஆஷரான்ஸ் கால்' என்ற உலகத்தில் மாதாமாதம் நிறுவனம் கதையை நகர்த்தும். சிறைப்பட்ட அசுரன் ஒருவன் வெளியே வர, அவனைக் கட்டி வைத்திருக்கும் படிகங்களை ஆட்டக்காரர்களே உடைக்க வேண்டும் என்பது திட்டம். உடைத்தால் பலன் உண்டு என்பதால் எல்லாச் சர்வர்களிலும் உடைத்துத் தள்ளினார்கள். 'திஸ்டில்டவுன்' என்ற ஒரு சர்வரில் மட்டும் ஒரு கூட்டம் கடைசிப் படிகத்தைச் சுற்றி நின்றுகொண்டது. அசுரன் வரக் கூடாது என்று நமக்குத்தானே சொன்னீர்கள், பிறகு ஏன் உடைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். முறை வைத்து ராப்பகலாகக் காவல் காத்தார்கள். அடுத்த மாதக் கதை தயாராகிவிட்டது, அசுரனோ உள்ளேயே இருக்கிறான். கடைசியில் நிறுவனத்தாரே அசுரன் தரப்பு வேடம் பூண்டு இறங்கிக் காவலர்களைச் சாய்க்க வேண்டியதாயிற்று. சுவடி ஜெயித்தது. ஆனால் ஜெயித்தவர்களே தோற்றவர்களுக்கு அந்த உலகத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

சுவடியைப் பெரும்பாலும் மூடி வைத்துவிட்ட விளையாட்டு என்றால் அது ஐஸ்லாந்தின் 'ஈவ் ஆன்லைன்'தான். 2003 மே மாதம் ரெய்க்யவிக் நகரின் சிசிபி நிறுவனம் தொடங்கியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். மற்ற விளையாட்டுகளைப் போலப் பல பிரதிகளாகப் பிரிக்காமல் ஆட்டக்காரர்களை ஒரே உலகத்தில் விட்டார்கள் (சீனாவுக்கு மட்டும் தனி). ஆரம்ப ஆண்டுகளில் தன்னார்வலர்கள் சிலர் வேடமிட்டுக் கதைகளை அரங்கேற்றிப் பார்த்தார்கள். அந்த ஏற்பாடு பிறகு கைவிடப்பட்டது. தேவைப்படவில்லை. துப்பாக்கி முதல் பெருங்கப்பல் வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களே வெட்டியெடுத்து, செய்து, சந்தையில் விற்கிறார்கள். இழந்த கப்பல் திரும்பி வராது. இந்த இரண்டு விதிகளைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றால் போதும், பேராசையும் பயமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். யூதத் தெரு வியாபாரிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. 2007இல் நிறுவனம் எயோல்ஃபர் குட்முண்ட்சன் என்ற நிஜப் பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தது. இல்லாத உலகத்தின் விலைவாசியைக் கவனிப்பது அவர் வேலை.

கதைகள் தாமாகவே முளைத்தன. ஒரு கூலிக் கும்பல் எதிரி நிறுவனத்துக்குள் ஏறக்குறைய ஒரு வருடம் ஆட்களை நுழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்புகளில் உட்காரவைத்து, 2005இல் ஒரே நாளில் கிடங்குகளைத் துடைத்துவிட்டுத் தலைவியையும் கொன்றது. அன்றைய மதிப்பில் சுமார் 16,500 டாலர் நஷ்டம் என்று கணக்கிட்டார்கள். 2009இல் உலகத்தின் மிகப் பலமான கூட்டணியின் நிர்வாகி ஒருவர் கட்சி மாறினார். போகிற போக்கில் தனக்கிருந்த அதிகாரத்தைப் பயன்படுத்திக் கூட்டணியையே கலைத்தார். வருடக்கணக்கான படையெடுப்புகளால் முடியாததைச் சில பொத்தான்கள் முடித்தன. இரண்டு சம்பவத்திலும் விதி மீறல் எதுவுமில்லை என்று நிறுவனம் கைகட்டி நின்றது.

இது சரிதானா? ஒரு வருடம் தினமும் பேசிச் சிரித்தவர் ஒற்றர் என்று தெரிய வரும்போது, ஏமாந்தது வேடம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆடுபவர்களே கதையை நடத்தட்டும் என்று விட்டுவிடுவது கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. நடைமுறையில், நேரமும் ஆள்பலமும் உள்ள சிலர்தான் கதையை நடத்துகிறார்கள். மற்றவர்கள் அவர்கள் கதையில் செத்துப்போகும் சிப்பாய்கள். ஆசானின் சுவடியில் சிப்பாய்க்காவது ஒரு பாட்டு உண்டு.

நடுவர் நடுவராக இருக்க வேண்டும் என்பதும் இங்கே சின்ன விஷயமில்லை. தான் சார்ந்த ஆட்டக் குழுவுக்கு அரிய வரைபடங்களை ரகசியமாகக் கொடுத்ததாக நிறுவன ஊழியர் ஒருவர் 2007இல் ஒப்புக்கொண்டபோது பெரும் ரகளையானது. மறு வருடம் ஆட்டக்காரர்களே வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று அமைந்தது. 2011இல், நிஜப் பணத்துக்குக் கண்ணாடி முதலிய அலங்காரங்களை விற்கக் கிளம்பியபோது கும்பல் கும்பலாகச் சந்தை மண்டலத்தில் கூடி, அங்கிருந்த நினைவுத் தூணைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது.

பெரிய யுத்தம் ஒன்று தொடங்கிய விதம்தான் எந்த நடத்துநரும் எழுதத் துணியாதது. 2014 ஜனவரி 27 அன்று, முக்கிய மண்டலம் ஒன்றுக்கான வாடகை கட்டப்படாமல் போயிற்று. தானாகக் கட்டும் ஏற்பாடு என்ன ஆனது என்பது பற்றி அப்போது ஏகப்பட்ட சர்ச்சை. மண்டலம் கேட்பாரற்றுப் போக, எதிரிகள் புகுந்தார்கள். 21 மணி நேரம் சண்டை. கூட்டம் தாங்காமல் ஆட்டத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஓட்டினார்கள். அதாவது பத்து நிமிடம் காத்திருந்தால் அங்கே ஒரு நிமிடம் நகரும். 7,548 பேர் கலந்துகொண்டார்கள். 'டைட்டன்' என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. மொத்தச் சேதம் மூன்று லட்சம் டாலர் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸ் பிடுங்கப்பட்ட வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கதையின் தொடக்கம் நன்றாகவே புரியும். நிறுவனம் உடைந்த கப்பல்களின் கூடுகளை அந்த மண்டலத்திலேயே நினைவுச் சின்னமாக விட்டுவைத்தது.

வேடத்துக்கும் ஆளுக்கும் இடையிலான திரை ஒருமுறை முழுதாகக் கிழிந்தது. 'வைல் ராட்' என்ற பெயரில் ஆடியவர் பெரிய கூட்டணி ஒன்றின் ராஜதந்திரி. போர்களைப் பேசியே நிறுத்துவார், பேசியே தொடங்கவும் செய்வார். பிரதிநிதிகள் மன்றத்திலும் இருந்தவர். நிஜத்தில் அவர் அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி ஷான் ஸ்மித். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் இருந்தபோது, தாக்குதல் தொடங்கும் வேளையில் ஆட்ட நண்பர்களோடு செய்தி பரிமாறிக்கொண்டிருந்தார். தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்சும் ஸ்மித்தும் உட்பட நான்கு பேர் அந்தத் தாக்குதலில் இறந்தார்கள். நட்பு, பகை பார்க்காமல் ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கான விண்வெளி நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இதற்கு ஆணையிட்டவர் யாருமில்லை.

கொச்சங்காடியில் 1344இல் கட்டப்பட்ட யூத ஜெபக்கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டை யாரோ எடுத்துக் காப்பாற்றியதால் அது யூதத் தெருவில் பரதேசி ஜெபக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. திஸ்டில்டவுன் காவலர்களுக்கு அந்த வசதி இல்லை. 2017 ஜனவரி 31 அன்று 'ஆஷரான்ஸ் கால்' சர்வர்களை நிறுத்தினார்கள். படிகம் நின்ற இடமும் நினைவுச் சின்னமும் அதோடு போயின.